யாரும் சொல்லித் தரவில்லை

தொம். அப்புறம் ஒன்றுமில்லை. அப்புறம் தொம் தொம், கொஞ்சம் இடைவெளி, தொம்தொம்தொம். விளக்கை அணைத்து அரை மணி நேரம் ஆகியிருக்கும். எலி என்று நினைத்தேன், எலிக்கு இவ்வளவு கனம் கிடையாது. மாடியில் தண்ணீர் டேங்க் என்று நினைத்தேன், டேங்க் நிரம்பினால் வழியும், தட்டாது. அத்தை, என் மாமியார், முழங்காலில் நின்று ஜெபிக்கும்போது சில சமயம் உள்ளங்கையால் தரையை அடிப்பாள், அதுவோ என்று காது கொடுத்தால் ஹாலிலிருந்து அவள் குறட்டை வருகிறது, காலையில் நாலரைக்கு எழ வேண்டுமென்று மாத்திரை போட்டுப் படுத்திருக்கிறாள். சத்தம் அறைக்குள்ளேதான். தகரச் சத்தம். பீரோவிலிருந்து. என் கை தானாக நெற்றிக்குப் போய்விட்டது, நெற்றியிலிருந்து நெஞ்சுக்கு, இடது தோளுக்கு, சிலுவை போடுவதைப் பாதியில் நிறுத்தினேன், இருட்டில்கூட நிறுத்துகிறேன் பாருங்கள். செல்போனை எடுத்து வெளிச்சம் அடித்தேன். ஷெக்கினா. என் மகள், மூன்றரை வயது. பாயில் குறுக்கே உருண்டுபோய் பீரோவோடு ஒட்டிக் கிடக்கிறாள். கண் மூடியிருக்கிறது, வாய் லேசாகத் திறந்திருக்கிறது, வலது குதிகால் மட்டும் விழித்துக்கொண்டிருக்கிறது. பீரோவின் அடித்தகட்டில் அதுபாட்டுக்கு இரண்டு, பிறகு மூன்று. நான் அவளுக்குச் சொல்லித் தந்தது நாலு எண்ணிக்கை மட்டும்தான். இது நாலு இல்லை. இதை நான் சொல்லித் தரவில்லை. அப்படியானால் யார்? இந்தக் கேள்வியைப் போன ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் மைக்கில் கேட்டார். இப்போது நானே கேட்கிறேன், அதுதான் பயமாக இருக்கிறது.

தூக்கம் இனி வராது. அவள் எல்கேஜி நோட்டு, நாலு கோடு போட்டது, கடைசிப் பக்கத்திலிருந்து எழுதிக்கொண்டு வருகிறேன், எழுத்து சாய்ந்தால் விரல் கணுவில் ஸ்கேலால் அடித்த கான்வென்ட், இன்றைக்கும் சாயவில்லை. விடிந்தால் வெள்ளிக்கிழமை. ஐந்து மணிக்கு பாஸ்டரம்மா காரில் வருவார்கள், ஷெக்கினாவைச் சபையின் மாடி அறைக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள், மூன்று நாள் உபவாச ஜெபம், விடுதலை ஜெபம், அவளுக்குப் பால் மட்டும் கொடுப்பார்களாம், நான் கூட வரக்கூடாதாம். ஏன் என்று கேட்டேன். பாஸ்டரம்மா சிரித்த முகத்தோடுதான் சொன்னார்கள், அவர்கள் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. "தாய் பக்கத்துல இருந்தா பிள்ளை அழும் சிஸ்டர். அழுதா எது பிள்ளை அழுகை, எது அதோட அழுகைன்னு பிரிக்க முடியாது." அதோட. அது. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து என் பிள்ளைக்குள் ஒரு அது இருக்கிறது, அதற்குத் தனியாக ஒரு அழுகையும் இருக்கிறது. போன வருஷம் தையல்கார எஸ்தரின் மகளை இப்படித்தான் மாடிக்குக் கொண்டுபோனார்கள், அஞ்சு வயசு, வலிப்போ என்னமோ. திரும்பி வந்தாள், சாட்சி சொன்னார்கள், எல்லாரும் கை தட்டினோம், நானும் தட்டினேன். இப்போது அந்தப் பிள்ளை ஆராதனையில் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பாட்டு வந்தாலும் எடுக்காது. மிட்டாய் நீட்டினால் வாயைத் திறக்கும், கையை எடுக்காது.

சபையில் ஆடலாம். அதைச் சொல்லாமல் விட்டால் அவர்களுக்கு அநியாயம் செய்ததாகிவிடும். நான் வளர்ந்த கத்தோலிக்கக் கோயிலில் எங்களை ஆடவிட்டதைவிட இங்கே அதிகம் ஆடுகிறார்கள். ஆவியில் நிறைந்து ஆடுவது. கீபோர்டு வேகம் எடுக்கும்போது முதலில் தோள் குலுங்கும், அப்புறம் கொண்டை அவிழும், பக்கத்தில் நிற்பவள் புடவை நழுவாமல் பிடித்துக்கொள்வாள், ரிட்டயர்டு ஹெட்மிஸ்ட்ரஸ் ஒருவர், பம்பரம் மாதிரி சுற்றுவார், கண்ணாடியை முன்கூட்டியே கழற்றி மகள் கையில் கொடுத்துவிட்டுச் சுற்றுவார். ஆனால் எண்ணி ஆடக்கூடாது. தாளம் தப்பி ஆட வேண்டும், தப்புவதுதான் அடையாளம். எண்ணினால் அது ஆவி இல்லை, வித்தை. போன ஞாயிறு பாட்டு முடிந்து எல்லாரும் கண்ணை மூடி நின்ற அந்த ஒரு நிமிஷத்தில் ஷெக்கினா மேடைக்கு முன்னால் போய் நின்றாள். குதிகால் இரண்டையும் சேர்த்தாள், முழங்காலை வெளிப்பக்கம் மடித்து அரைமண்டியில் உட்கார்ந்தாள், குனிந்து விரல் நுனியால் தரையைத் தொட்டாள், தொட்ட விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள், எழுந்து கும்பிட்டாள். ஒரு பிசகு இல்லை. நான் கண்ணைத் திறந்துதான் இருந்தேன், எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை, பெருமை. அதை யாரிடமும் சொல்ல முடியாது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பாஸ்டர் கண்ணைத் திறந்தார். மைக் திறந்தே இருந்தது. "இது யார் பிள்ளை? எப்சிபா அம்மா பேத்தியா? கிதியோன் பிரதர் மகளா? தரையைத் தொட்டுக் கும்பிடுதே. மண்ணையா கும்பிடுதே மக்கா நீ? யார் சொல்லித் தந்தா?" அவள் என்னைப் பார்த்தாள். இருநூறு பேர் அவள் பார்த்த பக்கம் பார்த்தார்கள். எழுந்து நின்றேன். "தெரியலை பாஸ்டர். யாரும் சொல்லித் தரலை." அவ்வளவுதான் சொன்னேன். எத்தனை சின்ன வாக்கியம். பாஸ்டர் மெதுவாக, என் வாக்கியத்தையே எடுத்து எனக்குத் திருப்பிக் கொடுத்தார். "யாரும் சொல்லித் தராமலே ஒரு பிள்ளைக்கு இது வருதுன்னா, சபையே, யோசிச்சுப் பாருங்க." அத்தை பக்கத்தில் நின்று "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்றாள். நான் என்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்ன பொய்தான் பிள்ளைக்குள் போய்ப் பிசாசாக உட்கார்ந்துகொண்டது. வேறு எந்தப் பிசாசும் எங்கிருந்தும் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அத்தை அவளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள், "சொல்லு மக்கா, யார் சொல்லித் தந்தா, அம்மாவா?" ஷெக்கினா என்னைப் பார்க்கவில்லை. "யாரும் சொல்லித் தரலை பாட்டி" என்றாள். என் குரலிலேயே. ரகசியம் என்று நான் சொல்லியிருந்தேன், நமக்குள்ள என்று சொல்லியிருந்தேன். அரைமண்டியோடு சேர்த்துப் பொய்யும் சொல்லித் தந்திருக்கிறேன், இரண்டையும் சுத்தமாகப் பிடித்துக்கொண்டாள். மத்தியானம் இரண்டு மணிக்கு அத்தை படுத்தபிறகு, கதவைச் சாத்தி, போர்வையை நாலாக மடித்து, அதன்மேல் நிற்க வைத்துத் தட்டச் சொல்வேன், சத்தம் வராமல். தன் கால் சத்தத்தைக் கேட்காமலே என் பிள்ளை தட்டடவு பழகினாள். எதற்குச் சொல்லித் தந்தேன் என்று கேட்டால், இவர்கள் கேட்கும் அர்த்தத்தில் அல்ல, எனக்கே நான் கேட்டால், எனக்கு ஜெபம் வாயில் வராது. ஒருபோதும் வந்ததில்லை. "வாயைத் திறந்து ஜெபியுங்க சிஸ்டர்" என்பார்கள், திறப்பேன், உள்ளே ஈரமாக நாக்கு கிடக்கும், அவ்வளவுதான். எனக்கு அது கையில்தான் வரும். உள்ளங்கை இரண்டும் மேலே பார்க்க விரியும்போது தோள்பட்டைக்கு நடுவே எலும்பு ஒன்று லேசாக இறங்கும், அந்த இறக்கத்தில் யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரியும். அந்த யாரோவை கல்யாணமான இந்த ஐந்து வருஷத்தில் எங்கே வைப்பதென்று தெரியாமல் வைத்திருக்கிறேன். ஆம்புலன்ஸ் போனால் கை நெற்றிக்குப் போகும், போன கையை முடி ஒதுக்கக் கொண்டுபோவேன். சாப்பாட்டுக்கு முன் போகும், முடி ஒதுக்குவேன். "உனக்கு எந்நேரமும் முடியிலதான் கை" என்று அத்தை சொல்வாள். பிள்ளைக்கு முதல் காய்ச்சல் வந்த ராத்திரி நூறு தடவை முடி ஒதுக்கியிருப்பேன்.

கான்வென்டை மட்டும் என்ன சொர்க்கம் என்றா எழுதப்போகிறேன். சிஸ்டர் கொன்சீலியாதான் எங்களுக்குப் பரதம் கற்றுத் தந்தார், சங்கீதப் பிரிவில் படித்த கன்னியாஸ்திரி, வெள்ளை அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு அரைமண்டி போட்டுக் காட்டுவார், நாங்கள் சிரிப்பை அடக்க ஜன்னலைப் பார்ப்போம். முத்திரைகளையெல்லாம் அவர் திருமுழுக்குக் கொடுத்து வைத்திருந்தார். மான் தலை ஆட்டுக்குட்டி ஆனது. விரிந்த தாமரை, திருப்பலிக் கிண்ணம் ஆனது. திரிசூலத்துக்கு வைக்கும் மூன்று விரல், பிதா சுதன் பரிசுத்த ஆவி. பங்குச் சாமியார் அதைப் பார்த்துவிட்டு, "சிஸ்டர், பிள்ளைங்க சிவராத்திரிக்குப் போகுதா?" என்று கேட்டார். சிஸ்டர் சொன்ன பதில் எங்கள் வகுப்பில் ஒரு வருஷம் ஓடியது: "விரல் மூணுதான் இருக்கு ஃபாதர், ஆளு யாருன்னு மனசுல இருக்கு." தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றுவதற்கும் ஒரு காரணம் சொன்னார். நாம் ஓங்கி மிதிக்கப்போகிறோம், மிதிபடப்போவதிடம் முதலில் மன்னிப்புக் கேட்டுவிடு, ஆண்டவர் உன்னை அந்த மண்ணில்தான் பிசைந்திருக்கிறார், உன் சொந்தக்காரி அவள். இந்த ஒன்றை மட்டும் நான் விட முடியாமல் பிடித்திருந்தேன், இந்த ஒன்றைத்தான் பிள்ளைக்கு முதலில் கொடுத்தேன். ஆனால் அதே சிஸ்டர்தான் பத்தாம் வகுப்பில் என்னைக் பூசையில் காணிக்கை ஏந்தி ஆடிப்போகும் பவனியின் முன்வரிசையிலிருந்து எடுத்தார். யாரோ பெரிய மனிதர்கள் எழுதிக் கொடுத்தார்களாம், பீடத்துக்கு முன்னால் வளர்ந்த பெண்கள் நெஞ்சைக் குலுக்குகிறார்கள் என்று. சிஸ்டர் என் துப்பட்டாவில் நாலு பின் குத்தினார், ஐந்தாவது பின்னைக் கையில் வைத்துக்கொண்டு, "நீ பின்னாடி நில்லு செலின்" என்றார். என்னைப் பார்க்காமல் சொன்னார். பின்னால் நின்று ஆடினேன். வீட்டில் அம்மா, "கோயில்ல ஆடுனவளை எவன் கட்டுவான்" என்றாள். கட்டுவதற்கு ஒருத்தர் அன்றைக்குத் தூணோரம் மைக் ஒயரைச் சுருட்டிக்கொண்டு நின்றார், எங்கள் யாருக்கும் தெரியாது.

கிதியோன். என் புருஷன். சவுண்டு சர்வீஸ் கடையில் அப்போது வேலை. கல்யாணத்துக்கு முன்னால் எத்தனை தடவை சொல்லியிருப்பார், நீ பின்வரிசையில நின்னு தரையைத் தொட்டுக் கண்ணுல வச்ச பாரு, நான் அங்கேயே விழுந்துட்டேன் என்று. விழுந்தவர் எழுந்துவிட்டார். அவர் வீட்டு நிபந்தனை, நான் சபைக்கு வர வேண்டும், முழுக்கு ஞானஸ்நானம் எடுக்க வேண்டும், பழையதையெல்லாம் விட வேண்டும். விட்டேன். என் சலங்கையை ஒரு மஞ்சள் பையில் போட்டுத் தாமிரபரணியில் எறிந்தார்கள், எறிந்தது கிதியோனின் கைதான். இன்று ராத்திரி எட்டு மணிக்கு அவரிடம் பேசினேன், அடுப்படியில், குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு. "மூணே நாள் செலின். காய்ச்சல்னா ஆஸ்பத்திரியில சேக்க மாட்டமா, அது மாதிரி நினைச்சுக்கோயேன்." "காய்ச்சல் இல்லையே." "இல்லைன்னு உனக்கு எப்படித் தெரியும்?" "உங்களுக்குத் தெரியாதா அது எங்கிருந்து வந்துச்சுன்னு?" குழாயைப் பார்த்தார். "நீ சொன்னது சொன்னதாவே இருக்கட்டும்" என்றார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவருக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை அவள் குனிந்த அந்த நொடியே தெரிந்திருக்கும், அவர் காதலித்ததே அந்தக் குனிவைத்தானே. தெரிந்துகொண்டு ஆண்கள் பக்கத்தில் கண்ணை மூடி நின்றார். என்னைக் காப்பாற்றுகிறாராம். பிள்ளையைக் கொடுத்து என்னைக் காப்பாற்றுகிறார், நானும் பிள்ளையைக் கொடுத்து என்னைக் காப்பாற்றுகிறேன், குடும்பமே ஒருவரையொருவர் காப்பாற்றுகிறது. ஜெபத்தில் இருப்பதால் இன்று ஹாலில் படுக்கிறேன் என்று தலையணையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்கு மனப்பாடம். பின்மாற்றக்காரி, விசுவாசத்தை விட்டுப் பின்வாங்கியவள் என்று மைக்கில் சொல்வார்கள், பெயர் சொல்ல மாட்டார்கள், எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். அதுகூடப் போகட்டும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருத்தியை அம்மா வீட்டுக்கு அனுப்பினார்கள், மனந்திரும்பி வா, அதுவரை பிள்ளை விசுவாசிகள் வீட்டில் இருக்கட்டும் என்று. அவள் இன்னும் வரவில்லை. பிள்ளை இரண்டாம் வகுப்புப் போகிறது. சொன்னால் பிள்ளை போகும், எப்போது வருமோ தெரியாது. சொல்லாவிட்டால் பிள்ளை போகும், மூன்றாம் நாள் வரும், எது வரும்? கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு ஒன்று வரும். இரண்டையும் மாற்றி மாற்றி நிறுத்துப் பார்க்கிறேன், நிறுக்க நிறுக்கத் தொம் தொம், இடைவெளி, தொம்தொம்தொம், இந்தப் பெண் ஏன் உறங்கும்போதும் சும்மா இருக்க மாட்டேன் என்கிறாள், ஒருவேளை பாஸ்டர் சொல்வது, இல்லை, ஒருவேளை என்றே எழுதக் கூடாது, ஆனால் நான் தராத ஒன்று அவள் காலில் இருக்கிறதே, எங்கிருந்து, எனக்குத் தெரியாத யார். நோட்டை வைத்துவிட்டு அவள் பக்கத்தில் படுத்தேன். குதிகாலை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டேன். இரண்டு, நிற்கிறது, மூன்று. சூடான, கட்டைவிரல் அளவு குதிகால். மறுபடி. மறுபடி. என் உதடு அதற்கு ஒரு பாட்டை முணுமுணுக்கத் தொடங்கியிருந்தது, எனக்குத் தெரியாமலே, ஞாயிறுதோறும் ஆராதனையைத் தொடங்கும் பாட்டு. பாஸ்டரின் மச்சான் டிரம் பேடில் முதலில் அடிப்பது, இரண்டு விட்டு மூன்று. பிறந்ததிலிருந்து அவள் கேட்டு வளர்ந்த அடி. தலையணையை வாயில் அழுத்திக்கொண்டு சிரித்தேன், சிரித்ததில் வயிறு வலித்தது, கண்ணில் தண்ணீர் வந்தது. பிள்ளைக்குப் பிசாசும் இல்லை, வித்தையும் இல்லை. காதில் விழுந்ததை எல்லாம் அவள் காலுக்கு அனுப்புகிறாள். என்னிடமிருந்து கொஞ்சம், அவர்களிடமிருந்து கொஞ்சம். அவளுக்குள்ளே கோயிலுக்கும் சபைக்கும் சண்டை கிடையாது. நாளைக்கு அதைத்தான் அவளிடமிருந்து துரத்தப்போகிறார்கள்.

நாலரைக்கு அத்தையின் அலாரம் அடித்தது. குழாய்ச் சத்தம், செருமல், செருப்புச் சத்தம். கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள், கையில் ஷெக்கினாவின் மஞ்சள் கவுன், இஸ்திரி போட்டு மடித்தது. "பிள்ளையக் குளிப்பாட்டலையா இன்னும்? வண்டியில கிளம்பிட்டாவளாம்." நான் வாசற்படிக்கும் பாய்க்கும் நடுவில் நின்றேன். என்ன சொல்வது என்று முடிவு செய்துகொண்டு நின்றேன் என்று எழுதினால் அது பொய், இதுவரை சொன்ன பொய் போதும். "நான்தான் அத்தை சொல்லித் தந்தேன்." "என்னத்த?" "தரையைத் தொட்டுக் கும்பிடுறதை. மத்தியானம், நீங்க படுத்த பிறகு. நான் சின்னப் பிள்ளையில படிச்சது. அவளுக்குள்ள ஒண்ணும் இல்லை, நான் சொன்னதைச் செஞ்சா, அவ்வளவுதான்." அத்தை கவுனை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். திட்டுவாள் என்று பார்த்தேன். அவள் முகத்தில் வந்தது கோபம் இல்லை, ஒரு பெரிய நிம்மதி, கணக்குக்கு விடை கிடைத்த பிள்ளை மாதிரி. "அப்போ உன்கிட்ட இருந்துதான் அவளுக்குப் போயிருக்கு" என்றாள், மெதுவாக, என்மேல் இரக்கத்தோடுகூட. ஹால் பக்கம் திரும்பினாள். "நான் சொல்லலை கிதியோனு? தாய்கிட்ட இருந்து பிள்ளைக்கு இறங்குதுன்னு பாஸ்டரம்மா அன்னைக்கே சொன்னாவளே. நல்லவேளை வாயால அறிக்கை பண்ணிட்டா. நீயும் கிளம்பு செலினு. ரெண்டு பேருக்கும் சேர்த்து ஜெபிப்பாவ. தனித்தனி ரூம்ல." ஹாலில் கிதியோன் எழுந்து உட்கார்ந்திருந்தார், கைலியை இறுக்கிக்கொண்டு, என்னைப் பார்த்து, "நான்தான் சொல்ல வேண்டாம்னு சொன்னேன்ல?" என்றார். தெருவில் கார் திரும்பும் வெளிச்சம் ஜன்னலில் ஓடியது. உண்மையும் அவர்களுக்குப் போதவில்லை. உண்மையைச் சொன்னால் கதவு திறக்கும் என்று இருபத்தெட்டு வருஷம் நம்பியிருந்திருக்கிறேன். அத்தை என் பக்கவாட்டில் கையை நுழைத்துப் பிள்ளையின் பாயைத் தொட்டாள், "வா மக்கா, எந்திரி." நான் அவள் கையைப் பிடித்து வெளியே எடுத்தேன், வலிக்காமல், ஒரு பாத்திரத்தை எடுத்து வைப்பது மாதிரி. பிறகு தோளால் அவளைப் படிக்கு அந்தப் பக்கம் நகர்த்தினேன். கதவைச் சாத்தினேன். "ஏ பிள்ள! ஏ செலினு!" மேல் தாழ்ப்பாள் இல்லை, கல்யாணமான முதல் வாரமே அத்தை கழற்றச் சொன்னாள், விசுவாசிகள் வீட்டில் எதை மறைக்க என்று. கீழே ஒன்று இருக்கிறது, மூன்று தடவை பெயின்ட் அடித்து மரத்தோடு மரமாகிவிட்டது. முதுகைக் கதவில் கொடுத்துக் குனிந்து இழுத்தேன், நகம் மடங்கியது, அசையவில்லை. "செலின், திற, அசிங்கமாயிரும்" என்று கிதியோன். கதவு ஒரு விரல் அளவு உள்ளே வந்தது, முதுகால் திருப்பித் தள்ளினேன். வாசலில் கார்க் கதவு சாத்தும் சத்தம், பாஸ்டரம்மாவின் இனிமையான ஸ்தோத்திரம். ஷெக்கினா எழுந்து உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புடவையைத் தூக்கிச் செருகினேன், முழங்காலை மடித்தேன், வலது காலைத் தூக்கி, எண்ணிக்கை எதுவும் இல்லாமல், குதிகாலால் தாழ்ப்பாளின் காதில் ஓங்கித் தட்டினேன். பெயின்ட் உதிர்ந்தது. இன்னொன்று. இரும்பு வழுக்கிக்கொண்டு இறங்கித் தரைக்குழியில் போய் உட்கார்ந்தது.